மூன்றாம் கொம்பியூட்டரின் பொதிகள்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் எரிந்தன.

2007ஆம் ஆண்டு, சண்டைக் காலம். அன்புவழிபுரத்தில் அண்ணாவின் இன்டர்நெற் கடையை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகரத்துக்குப் போன அண்ணா சோதனைச்சாவடியில் மாட்டுப்பட்டு நின்றார்.

கமலேஸ்வரி அக்கா கப்பல்துறையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார். கணவருக்குக் கட்டாரில் வேலை. மாதத்தில் ஒருநாள், அரை மணித்தியாலம்தான் அவருக்குக் கதைக்கக் கிடைக்கும்.

"கமலா... பிள்... காய்ச்..." கொம்பியூட்டரில் கணவரின் குரல் இவ்வளவுதான் கேட்டது.

காரணம், மூன்றாம் கொம்பியூட்டரில் இருந்த இரத்தினசிங்கம் மாஸ்டர். மகளின் கலியாணப் படங்கள் இருநூறைக் கனடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கடைக்கு இருப்பதோ ஒரே லைன்.

"மாஸ்டர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்" என்றேன்.

"ஏலாது பிள்ளை. நான்தான் முதல் வந்தனான்."

முதல் வந்தவராம். முதல் வந்தால் முழு லைனையும் விழுங்கலாமோ?

படமோ குரலோ, சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் லைனில் போகும். அண்ணா ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். எல்லாப் பொதிகளும் வரிசையில் வந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். அது 'போ' என்றால் போகும், 'நில்' என்றால் நிற்கும். அண்ணா செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது பிடிபட்டிருந்தது.

மூன்றாம் கொம்பியூட்டருக்கு 'நில்' போட்டேன். நல்லாய் நிற்கட்டும்.

குரல் தெளிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அடியோடு நின்றுபோனது. அக்கா அழத் தொடங்கினார்.

திரையைப் பார்த்தேன். மாஸ்டரின் பொதிகள் வரிசையை முட்ட முட்ட நிரப்பியிருந்தன. குரல் உள்ளே வர இடமே இல்லை. மறித்தவற்றைத் திரும்ப விட மறந்துவிட்டேன். மூளை கெட்டவள் நான். இப்போது என்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

வரிசையில் நின்ற படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட ஒரு தட்டுப் போதும். விரலையும் வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கலியாணப் பொம்பிளை எனக்கு என்ன செய்தா?

விரலை எடுத்தேன். குரல் வந்தால் உடனே 'போ'. படம் வந்தால் 'கொஞ்சம் நில்', பிறகு 'போ'. அப்படி மாற்றிவிட்டேன். வரிசை மெல்லக் குறைந்தது. குரல் திரும்பி வந்தது.

"ஏன் என்ரை படம் ஆமை மாதிரிப் போகுது?" என்றார் மாஸ்டர்.

"நான்தான் மெல்ல விடுறன். ஒண்டும் தொலையாது மாஸ்டர், நேரம்தான் கூடும். அக்காவுக்கு இன்னும் பதினைஞ்சு நிமிசம்தான் இருக்கு."

"ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"நீங்கள் ஆரைக் கேட்டு முழு லைனையும் எடுத்தனீங்கள்?"

மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை.

நேரம் முடிந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் இன்னும் மாஸ்டரை முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தங்கச்சி, அவர் கட்டாருக்குப் போய் ஏழு மாசம். ஒரு வசனத்தை அவர் முழுசாச் சொல்லி முடிச்சு, நான் இண்டைக்குத்தான் கேட்டனான்."