மூன்று முறை எரிந்த மதன்

அப்புத்தளை மேட்டில் வண்டி ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் காலை பதுளையை விட்டுக் கிளம்பி, பண்டாரவளையில் மாடு மாற்றி, இராத்திரி பூராவும் குலுங்கிக் குலுங்கி வந்த அலுப்பில் ஆட்டக்காரர்கள் பலரும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். மாசி மாதத்து மூடுபனி ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் வைத்த மாதிரி நின்றது. ஈர மண் வாடையும், மாட்டுச் சாணி வாடையும், எங்கேயோ தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பற்றவைத்த விறகு வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ரதி வேஷம் போடும் முருகையா கொட்டாவி விட்டான். அவன் மூச்சு வெள்ளையாகக் கிளம்பிப் பனியில் கலந்தது. தப்பு அடிக்கிற இரண்டு பேரும் ஏதோ முணுமுணுத்தார்கள். அவர்கள் பேச்சும் வெள்ளையாகத்தான் வந்தது.

வடிவேல் வாத்தியார் இதைச் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி அழகையாவைப் பார்த்தார். அழகையா பின்பலகையில் உட்கார்ந்து, வாய் பாதி திறந்தபடி, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அழகு, குளிருதாடா?"

"இல்லண்ணே."

சொன்னது காதில் விழுந்தது. மூச்சு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாத்தியார் தன் உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார், வெள்ளையாக வந்தது. தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

பெரகல சந்திக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகக் காமன் கூத்தை ஆட்டிவைப்பவர் அவர். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிப்பார். ரதி மூன்று நாள் அழுவாள். மூன்றாம் நாள், எரிந்த கம்பத்தின் சாம்பலை மஞ்சள் தண்ணீரில் கரைத்துத் தெளித்து மதனை எழுப்புவார்கள். இந்த மூன்று நாளும் சேர்ந்ததுதான் கூத்து. ஆனால் வாத்தியாருக்கு ரொம்ப நாளாக வேறு ஆசை. பட்டணத்து நாடகக் கம்பெனிகளைப் போலத் திரை, கியாஸ் விளக்கு, நாற்காலி எல்லாம் வைத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பெனி வாத்தியார் என்று நாலு பேர் சொல்ல நடக்க வேண்டும். அந்த ஆசைக்குத் தீனி போட்டவர் பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த வைரவநாதன் முதலாளி. தன் புதுச் சரக்குக் கிட்டங்கியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலையும் ஆடச் சொன்னார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

"சிவன் கண்ணத் தொறக்கிறாரு, பத்தி எரியுது, படார்னு திரை விழுது. அதோட முடிச்சிருங்க வாத்தியார். எழுப்புறதெல்லாம் ஒங்க தோட்டத்தோட வச்சுக்குங்க. தீயப் பாத்த சனம் அதுக்கப்புறம் ஒப்பாரிக்கா உட்காரும்?"

வாத்தியாருக்கு அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், அவரே பல வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார். அழகையா மட்டும்தான் மல்லுக்கு நின்றான். கையில் காப்புக் கட்டாமல் மதன் வேஷம் போடமாட்டேன் என்றான். கட்டிய காப்பையும் காலில் ஏறிய சலங்கையையும் மதனை எழுப்பிய பிறகுதான் அவிழ்க்கலாம் என்பது வழக்கம். ஒரு மஞ்சள் கயிறுதானே, பிள்ளைக்கு ஆசை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாத்தியார் தன் கையாலேயே கட்டிவிட்டார். கிளம்பும்போது அழகையாவின் பெண்சாதி இராக்கம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு, "போன மாதிரியே கொண்டாந்து விட்டுருங்க மாமா" என்றாள். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

முதல் மாலை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி அதில் நட்ட கம்பம். தகரத் தட்டில் குங்கிலியப் பொடி. சிவன் பந்தத்தை நீட்டியதும் குப்பென்று ஆள் உயரத்துக்குத் தீ எழும்பிக் கம்பத்தைப் பற்றியது, மதன் விழுந்தான், வெள்ளைத் துணி மூடியது, திரை இறங்கியது. சனம் தட்டிய தட்டலில் கிட்டங்கிக் கூரையே அதிர்ந்தது. வாத்தியாருக்கு அந்தச் சத்தம் தேனாக இனித்தது. திரைக்குப் பின்னால் துணியை விலக்கினார். அழகையா கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"அண்ணே, எழுப்பலையா?"

"எந்திரிடா. சனமெல்லாம் போயிருச்சு."

எழுந்துகொண்டான். இரண்டாம் மாலையும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டான். மூன்றாம் மாலை அவன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். நின்றான். தண்ணீர் குடிக்க நடந்துபோனபோது சலங்கை ஒலிக்கவில்லை என்பதை வாத்தியார் கவனித்தார். குனிந்து கையால் ஆட்டிப் பார்த்தார், ஜல்லென்றது. அவன் நடந்தான்; ஒன்றுமில்லை. அதற்குள் முதலாளி பூமாலையோடு வந்துவிட்டார். வாத்தியார் மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்ததும் இராக்கம்மா ஓடிவந்து புருஷன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பெட்டியை இறக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மறுநாள், புதன்கிழமை, இருட்டுப் பிரியும் முன்பே அவள் அவர் காம்பிரா அறையின் கதவைத் தட்டினாள். நின்ற இடத்திலேயே நின்று பேசினாள்.

"மாமா, ராவெல்லாம் மல்லாந்தே கெடந்தாரு. கண்ணு மூடல. பயந்துபோயி நெஞ்சுல காத வச்சுக் கேட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"ஈர வெறகு எரியுற சத்தம்."

"கோட்டிக்காரி. பயணச் சூடு அது. கசாயம் வச்சுக் குடு."

"எழுப்புனீங்களா மாமா?"

அவர் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று வெளியே இறங்கினார்.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். கங்காணி லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பேர் வாசித்தார். இருமினார்கள், செருமினார்கள், ஆமாங்க என்றார்கள். வரிசை முழுவதும் ஒவ்வொரு வாயின் முன்னாலும் வெள்ளையாக ஒரு கொத்து எழுந்து கலைந்தது. "அழகையா!" "இருக்கேங்க." அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் எழவில்லை. வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. தனக்கு மட்டும் தெரிகிறதே என்ற பயம் அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மலைக்கு ஏறும் புல்லுப்பாதையில் எல்லார் காலிலும் அட்டை ஏறியது. வாத்தியார் கெண்டைக்காலிலிருந்து ஐந்தைப் பிடுங்கி எறிந்தார். முன்னால் அழகையா வெறுங்காலோடு போனான். அவன் கால் பட்ட புல்லில் நுனியில் எழும்பி ஆடிய அட்டைகள் சுருண்டு கீழே விழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. அவன் சலங்கை கட்டிய கால்கள் சத்தமில்லாமல் ஏறின. நடுவில் ஒருதரம் நின்று திரும்பினான்.

"அண்ணே, எழுப்பலையா?"

கிட்டங்கியில் கேட்ட அதே குரல், அதே இழுப்பு.

வாத்தியார் கவ்வாத்துக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ரதி வேஷக்கார முருகையாவைத் தேடி ஓடினார். எல்லாவற்றையும் கொட்டினார். முருகையா சிரிக்கவில்லை, அது அவரை இன்னும் கலக்கியது.

"கடைசியா எரிச்சு இன்னையோட மூணு நாளுதானே வாத்தியாரே. இன்னிக்கே எழுப்பிருவோம். கம்பத்துச் சாம்பல் இருக்குல்ல?"

"இருக்கு."

இல்லை. ஒவ்வொரு மாலையும் கடை ஆட்கள் அதைக் கூட்டி வாய்க்காலில் கொட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அப்போது அது குப்பை. இல்லை என்று இப்போது சொன்னால் இராக்கம்மா முகத்தில் எப்படி முழிப்பது? லயத்துக்கு வந்து வேஷப் பெட்டியைக் குடைந்தார். அடியில் குங்கிலியம் கொளுத்திய தகரத் தட்டு கிடந்தது. அதில் கருப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு படிவு. கட்டை விரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். பதினோரு வருஷமாகக் காகிதக் கிரீடத்தைத் தங்கம் என்று நம்பவைத்தவர் அவர். இதுவும் சாம்பல்தான் என்று சொல்லிக்கொண்டார். அவனை எரித்த தீயின் கரிதானே இது.

சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்ததும், லயத்துக்குக் கீழே இருந்த காமன் பொட்டலில் கூடினார்கள். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் தேயிலைச் செடிகள் போயின, பிறகு பாதை, பிறகு லயத்துக் கூரை. அழகையாவைப் படுக்கச் சொன்னார்கள். சொல்லும் முன்பே படுத்துவிட்டான். இராக்கம்மா வெள்ளைத் துணியால் மூடினாள். அவள் கை அவன் நெஞ்சின் மேல் கொஞ்சம் தங்கியது.

தப்பு எழுந்தது. முருகையா சிவப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு, அரிதாரம் இல்லாத முகத்தோடு, ரதியாக அழுதான். அந்த அழுகையை வருஷா வருஷம் கேட்ட சனம்தான். இருந்தும் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். வாத்தியாரின் கையில் செம்பு. மஞ்சள் தண்ணீர். அதில் கரைந்த கரி. அவர் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. தம்பி, மன்னிச்சுருடா. என் கைத்தட்டலுக்கு உன்னைக் கொளுத்தினேன். எந்திரிடா.

ஒருமுறை தெளித்தார்.

துணி அசையவில்லை.

இரண்டாம் முறை. தப்பு வேகம் பிடித்தது. பனி பொட்டலுக்குள் வந்துவிட்டது.

மூன்றாம் முறை.

ஜல்.

சலங்கை. யாரோ கத்தினார்கள். மறுபடியும், ஜல். துணி நடுவில் மேடாக எழும்பித் தணிந்தது. எழும்பித் தணிந்தது. மூச்சு! இராக்கம்மா பாய்ந்து துணியை இழுத்தாள். அழகையா எழுந்து உட்கார்ந்தான். எழுந்து நின்றான். வாயைத் திறந்தான், குளிரில், எல்லாரையும் போல, அவன் வாயிலிருந்து வெள்ளையாக வந்தது.

"வந்துருச்சு! மூச்சு வந்துருச்சு மாமா!"

அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சனம் குலவை போட்டது. வாத்தியார் செம்போடு மண்டி போட்டார். அப்பாடா. போன மாதிரியே கொண்டுவந்துவிட்டேன் தாயி.

பிறகு வாடை வந்தது.

குங்கிலியம்.

நிமிர்ந்தார். அழகையாவின் வாயிலிருந்து வந்தது இன்னும் வந்துகொண்டிருந்தது. இழுக்கவில்லை. விட்டுக்கொண்டே இருந்தான். வெள்ளை சாம்பல் நிறமாயிற்று. சாம்பல் நிறம் கறுத்தது. பனியில் கலக்கவில்லை, தனியாக, தடியாக, மேலே போனது. வாய் மூடியது. மூக்கில் வந்தது. கண் ஓரத்தில் வந்தது. மணிக்கட்டில், காப்புக் கயிற்றுக்கு அடியில், மெல்லிசாக.

குலவை அறுந்தது. தப்பு நின்றது.

சலங்கை நிற்கவில்லை. அவன் கால் ஆடத் தொடங்கியிருந்தது. வாத்தியாருக்குத் தெரிந்த அடவு, அவர் சொல்லிக்கொடுத்தது. தீப்பட்ட மதனின் அடவு. செம்பில் கரைத்தது கம்பத்துச் சாம்பல் இல்லை, தீயின் கரி; எழுந்ததும் தீதான்.

"இராக்கு, விட்டுரு! விலகி வா!" என்று வாத்தியார் கத்தினார்.

அவள் விடவில்லை. முகத்தை அவன் தோளில் புதைத்திருந்தாள். அழுகை நின்றிருந்தது.

அவள் தலைக்கு மேலே அழகையா அண்ணனைப் பார்த்தான். வாய் திறந்தது.

"எழுப்பிட்டீங்களே, அண்ணே."

அவனோடு சேர்ந்து அவள் காலும் ஆடியது. அவள் முதுகுச் சேலையில், அவன் கை பிடித்திருந்த இடத்தில், பத்து விரலின் தடமும் கருகித் தெரிந்தது. அந்தப் பத்து இடத்திலிருந்தும் மெல்லிசாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.