ஒன்பதாவது கடை

திங்கட்கிழமை, காலை ஏழு மணி.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தாயாரம்மாள் மொட்டை மாடிக்கு ஏறினாள். தொட்டியை ஒட்டி இரண்டு சிமெண்ட் ஷீட் அறைகள். இரண்டையும் ஒரகடம் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். முதல் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நேற்றும் ஓடியது. அதற்கு முந்தின நாளும் ஓடியது. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

வேல்ராஜ் தரையில் கிடந்தான். வலது கை கதவை நோக்கி நீண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அம்சவல்லி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தலைமைக் காவலர் வனமாமலை கதவை நெம்பித் திறந்தார். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. அறைக்குள் அனல் அடித்தது. பாய், கயிற்றில் தொங்கிய கம்பெனிச் சட்டை, காலியான தண்ணீர் கேன், வாந்தி நிறைந்த வாளி. இருபத்தாறு வயது. சங்கரன்கோவில் பக்கம்.

பாய்க்கு அருகே ஒரு பிளாஸ்டிக் கவர். 'யாக்கோபு சிக்கன், சிங்கப்பெருமாள் கோவில்' என்று அதில் அச்சடித்திருந்தது. கவருக்குள் பெயரில்லாத வெள்ளை அட்டைப்பெட்டி. அம்சவல்லி கையுறை போட்டுக்கொண்டு திறந்தாள். எட்டு சிக்கன் விங்ஸில் மூன்று எலும்பாகியிருந்தன. மற்றவை சிவப்பு மசாலா பூசிக் காய்ந்து கிடந்தன. மசாலாவின் அடியில் வெள்ளையாக ஏதோ தூள். பெட்டியின் அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. மூடியின் உட்புறம் வெள்ளை மாறாமல், வளையாமல் இருந்தது.

"மேடம், இந்தத் தட்டைப் பாருங்க." வனமாமலை அலமாரியிலிருந்து ஒரு சிவப்புத் தட்டை எடுத்துக் காட்டினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "இது 'றெக்கை ரேங்க்' தட்டுல்லா."

"அப்படின்னா?"

"இன்ஸ்டாவுல ஒரு பக்கம், மேடம். இந்த ரோட்டுல இருக்க கடை எல்லாத்துலயும் விங்ஸ் வாங்கித் தின்னுட்டு ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் வரிசை போட்டிருக்கான். மூஞ்சியக் காட்டவே மாட்டான். இந்தத் தட்டு, ஒரு கை, அவ்வளவுதான் தெரியும். நாப்பதாயிரம் பேர் பாக்காங்க. நானும் பாப்பேன்." இறந்தவனின் கையை ஒருமுறை பார்த்தார். "இவந்தானா அது."

"ஒன்பதாவது யாரு?"

வனமாமலை கவரைக் காட்டினார்.

பக்கத்து அறையில் கொம்பையா. அவனும் தென்காசிப் பக்கத்துக்காரன், வேறு கம்பெனி, அதே இரவு ஷிப்ட்.

"சத்தம் எதுவும் கேக்கலையா?"

"கேட்டுச்சு மேடம். சனிக்கிழம சாயந்தரம் வாந்தி எடுத்தான். தண்ணியப் போட்டுருக்கான்னு நெனச்சேன். ஷிப்டுக்குப் போயிட்டேன். வந்து தூங்கிட்டேன்."

"கதவைத் தட்டிக் கேட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். "மூணு மாசமா பக்கத்து ரூம்தான். பேரு வேல்ராஜுன்னே இன்னைக்குத்தாம் தெரியும்."

"பார்சல் யார் கொண்டுவந்தது?"

"தெரியாது. பகல்ல எல்லாரும் தூங்குவோம். கொண்டுவர்றவங்க கதவுக் கொண்டில மாட்டிட்டு ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருவாங்க. முழிச்சப்பறம் எடுத்துத் திம்போம்."

"அவன் யார்கூடவாவது பேசுவானா?"

"கீழ கடைக்காரண்ணன்கிட்ட மட்டும் பேசுவான். வேற யாருட்டயும் பேசி நான் பாக்கல."

பின்னால் நின்ற தாயாரம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னா மேடம் பண்றது. நைட் ஷிப்டு பசங்க, தூங்கிகினு கீறாங்கன்னு வுட்டுட்டேன். தூங்கறவன எழுப்புனா கத்துவானுங்கோ."

வேல்ராஜின் போனில் சனிக்கிழமை மாலை ஒரே ஒரு அழைப்பு. லைன் சூப்பர்வைசருக்கு. உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். சூப்பர்வைசர் சரி என்று சொல்லி ஆள் மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை.

மதியம் அரசு மருத்துவமனை டாக்டர் பேசினார். "பேதி மருந்து. அளவுக்கு மேல. ஆனா அது கொன்னதுன்னு சொல்ல மாட்டேன். அந்த ஷீட் ரூம் சூடு, ஒரு நாள் முழுக்க வாந்தி, பேதி. உடம்புல தண்ணியே இல்ல. யாராவது பக்கத்துல இருந்து உப்புத் தண்ணி கொடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருந்தா நடந்து வீட்டுக்குப் போயிருப்பான்."

மாலைக்குள் யாக்கோபுவின் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

ஸ்டேஷனில் யாக்கோபு சுவரோரம் நின்றார். ஐம்பது வயது. முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். இன்ஸ்பெக்டர் மேசைமேல் போனை வைத்து ஒரு குரல் பதிவை ஓடவிட்டார். வியாபாரிகள் குழுவில் யாக்கோபு போட்டது. 'அந்த ரேங்க் போட்டவன் மட்டும் கையில கெடைக்கட்டும், மசாலா தடவி எண்ணெயில போட்டுடறேன்.'

"உன் குரல்தானே?"

"என்னுதுதான் சார். கோவத்துல பேசினது. ஒம்பதாவதுன்னு போட்டதுலருந்து என் கடையில ஈ ஓட்டிக்கினு இருந்தேன். ஆனா அது போன மாசம்."

"நாளைக்கு சாயந்தரம் ரிமாண்ட்" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து போனார்.

அம்சவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. பார்சலை யார் கொண்டுபோனது?"

"நானேதான் மேடம். சனிக்கிழம மத்தியானம். தூங்கறான்னு கதவுல மாட்டிட்டு வந்துட்டேன்."

"அவன்தான் ரேங்க் போட்டவன்னு தெரியுமா?"

"தெரியும். அவனே வந்து சொன்னான்." யாக்கோபு உட்கார்ந்தார். "போன வாரம் செங்கல்பட்டு போயிட்டு வரச்சே ஒரகடம் பஸ்ஸ வுட்டுட்டான். பசின்னு என் கடைக்குள்ள வந்தான். ஒத்த ஆளு. கைகழுவுற எடத்தாண்ட இருக்க சீட்டுலதான் உக்கார வச்சேன். விங்ஸ் கேட்டான். சுடச்சுட குடுத்தேன். ஒரு கடி கடிச்சான், அப்படியே உக்காந்துட்டான். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, அண்ணே, நான் தப்பா ரேங்க் போட்டுட்டேன், உங்களுதுதான் முதல் இடம்னான். கண்ணு கலங்கிடுச்சு மேடம் அவனுக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா திட்டினேன். அப்புறம் இன்னொரு பிளேட் வச்சேன்."

"சனிக்கிழமை பார்சல் எதுக்கு?"

"அவன்தான் கேட்டான். பார்சல்ல வந்தா எப்படி ஆவுதுன்னு பாத்துட்டு வீடியோ போடறேன்னான். நான் கறிவேப்பிலைய வறுத்து நொறுக்கி மேல தூவி எடுத்துட்டுப் போனேன். தெக்கத்திப் பசங்களுக்குப் புடிக்கும்னு சொல்வாங்க. அவனுக்கு மட்டும்தான் போட்டேன். அவனுக்கே தெரியாது."

"இதையெல்லாம் இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சார்."

இரவு அம்சவல்லி ஸ்ரீபெரும்புதூரில் தன் அறைக்குத் திரும்பினாள். மாற்றலாகி வந்து ஏழு மாதம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் படிக்கிறாள். அம்சவல்லிக்கும் ஹோட்டலுக்குள் போய் உட்காரப் பிடிப்பதில்லை. ஒற்றை ஆள் என்றதும் சர்வரின் கண் ஒரு மூலையைத் தேடும். அதனால் பார்சல்தான்.

ஒரகடத்திலிருந்து வரும் வழியில் வாங்கிய பொரித்த சிக்கனைத் திறந்தாள். ஆவி அடித்து மூடி ஊதி வளைந்திருந்தது. வண்டிக் குலுக்கலில் மசாலா மூடியில் ஒட்டி, உட்புறம் முழுக்கச் சிவந்திருந்தது. பொரித்தது நமுத்துப் போயிருந்தது. எல்லா நாளும் அப்படித்தான். அதைத் தின்பதுதான் அவளுக்குப் பழக்கம்.

பாதி கடித்ததைக் கீழே வைத்தாள். மூடியை எடுத்துக் குழல் விளக்கில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, காலை.

"அந்த வரிசையை முதல்லருந்து படிங்க, ஏட்டய்யா" என்றாள். ஜீப் ஒரகடம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வனமாமலை போனைப் பார்த்துப் படித்தார். "ஒண்ணு, லோகேஷ் விங்ஸ். அவன் வீட்டுக்குக் கீழயே. ரெண்டு, ஒரகடம் பஸ் ஸ்டாப். மூணு, மேம்பாலத்துக்கு அடியில. நாலு, வல்லக்கோட்டை போற வழி. அஞ்சு, மாத்தூர்..." நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார். "மேடம், தள்ளித் தள்ளிப் போகுதே. ஒம்பது, சிங்கப்பெருமாள் கோவில். ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு."

"அவன் எதையும் கடையில உக்காந்து சாப்பிடல. எல்லாம் பார்சல். கிட்ட இருக்கறது மொறுமொறுன்னு வரும். தூரத்துல இருக்கறது நமுத்துப் போகும். விங்ஸுக்கு ரேங்க் போடறதா நெனச்சு அவன் ரூமுக்கும் கடைக்கும் இருக்கற தூரத்துக்கு ரேங்க் போட்டிருக்கான்."

"நாப்பதாயிரம் பேர் இதப் பாத்தாங்களே. நானுந்தான் பாத்தேன்."

"நீங்க வீட்டுல மனைவி சமைச்சுப் போட்டுச் சாப்பிடறவர். உங்களுக்கு இது தெரியாது."

லோகேஷின் கடையில் அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. சுவர் முழுக்க ஒரே படம், சிவப்புத் தட்டில் அவன் கடை விங்ஸ். மேலே பெரிதாக 'நம்பர் 1'. பக்கத்துக் கடையின் சுவரை இடித்து இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். செங்கல் குவிந்து கிடந்தது. முப்பது வயது, சுறுசுறுப்பான ஆள்.

"வாங்க மேடம். பாவம் மேடம் அந்தப் பையன்."

"பழக்கமா?"

"மூஞ்சி தெரியும். பேசினது இல்ல. எத்தினி பசங்க வந்து போறானுங்கோ."

"ரேங்க் போட்டது அவன்தான்னு தெரியுமா?"

"இப்பத்தான் ஏட்டு சார் சொல்லித் தெரியும்."

"புது வரிசை வரப்போகுது, பழசுல ஒரு தப்பு இருக்குன்னு அவன் பக்கத்துல போட்டிருந்தானாம். பாத்தீங்களா?"

"பாத்தேன். அத்த வுடுங்க மேடம். யாரு வந்தாலும் நம்ம கடைய அடிச்சிக்க முடியாது."

"யாக்கோபு நல்லா செய்யறார்னு கேள்விப்பட்டேன்."

லோகேஷ் சிரித்தான். "அவரா? ஈரத்துணி மாதிரி இருக்கும் மேடம். மேல கறிவேப்பிலைய வறுத்துத் தூவிட்டா மட்டும் விங்ஸ் ஆயிடுமா?"

அம்சவல்லி வனமாமலையைப் பார்த்தாள். வனமாமலை மெல்லக் கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"கறிவேப்பிலை போட்டதை எப்ப பாத்தீங்க?"

"கடைக்கு... ஒரு தடவ போயிருந்தேன்."

"அவர் கடையில கறிவேப்பிலை போடறதே இல்ல. ஒரே ஒரு பார்சலுக்குத்தான் போட்டார். சனிக்கிழமை மத்தியானம், வேல்ராஜுக்கு. அவன் ரூமுல மிச்சம் கிடந்த விங்ஸ்ல ஒரு இலை இல்ல."

லோகேஷ் கரண்டியைக் கையில் எடுத்தான். எதற்கென்று தெரியாமல் மறுபடி வைத்தான்.

"கவர் யாக்கோபுவோடது. பெட்டி அவரோடது இல்ல" என்றாள். "எல்லாக் கடையிலயும் ஒரே வெள்ளைப் பெட்டி, பேரே கிடையாது. சிங்கப்பெருமாள் கோவில்லருந்து அந்த ரோட்டுல குலுங்கி வந்த பெட்டின்னா மூடி ஊறி வளைஞ்சிருக்கும், மசாலா அப்பியிருக்கும். ரூமுல இருந்த மூடி புதுசு மாதிரி இருந்துச்சு. அதுல இருந்த விங்ஸ் எந்த ரோட்டுலயும் வரல. இந்த மாடிப்படியில ஏறி வந்தது. கொண்டில தொங்கின கவர்லருந்து ஒரு பெட்டிய எடுத்துட்டு இன்னொண்ண வச்சிருக்கீங்க. மாடி முழுக்கத் தூங்கிட்டிருந்தது. எடுத்ததைத் திறந்து, இதுவா முதல் இடம்னு தின்னும் பாத்திருக்கீங்க. அது நமுத்துப் போயிருந்தது."

கடைக்குப் பின்னால் குப்பை டிரம்மைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு பெட்டி கிடைத்தது. வளைந்த மூடி, சிவந்த உட்புறம், ஒரு கடி கடித்த விங்ஸ், கருகிய கறிவேப்பிலைத் தூள்.

லோகேஷ் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"சாவணும்னு செய்யல மேடம். சத்தியமா. யாக்கோபு விங்ஸ தின்னு வயிறு கெட்டுச்சுன்னா அவர முதல் இடம் போட மாட்டான்னு நெனச்சேன். ரெண்டு நாளு படுத்துகினு எழுந்துடுவான்னு... ரூமுல கூட எவனாச்சும் இருப்பான்ல?"

"புது வரிசையில யாக்கோபுதான் முதல்னு அவன் யார்கிட்ட சொன்னான்?"

"என்னாண்டதான். நீங்க கோச்சுக்காதீங்கண்ணே, ஆனா உண்மையச் சொல்லணும்னான். சனிக்கிழம அவர் பார்சல் கொண்டாறாருன்னும் அவன்தான் சொன்னான்."

"வேற யார்கிட்டயும் அவன் எதுவும் சொல்றதில்ல, லோகேஷ். கூட இருக்க எவனும் இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்."

வனமாமலை அவன் கையைப் பிடித்து எழுப்பினார். ஜீப்பில் ஏறும் முன் கேட்டார். "ஒண்ணு மட்டும் புரியல மேடம். ருசி தெரிஞ்ச பையன். வேற கடை விங்ஸுன்னு கண்டுபிடிச்சிருக்க மாட்டானா?"

"எழுந்ததும் பசி. மூணு தின்னான். அப்புறம் நிறுத்திட்டான்" என்றாள் அம்சவல்லி. "கண்டுபிடிச்சிருப்பான்னுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லக் கீழே இறங்கி வந்தா லோகேஷ்கிட்டதான் வரணும்."

அன்று மாலை யாக்கோபுவை விடுவித்தார்கள். அம்சவல்லி கடைச் சாவியைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"மேடம், அவன் இன்ஸ்டா பக்கத்துல இன்னும் நான் ஒம்பதாவதுதான். அத்த மாத்த முடியாதா?"

"போன் கோர்ட்டுக்குப் போகுது. அவன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது."

"கம்பெனிக்காரங்ககிட்ட எழுதிக் கேட்டா?"

"பக்கத்தை எடுத்துடுவாங்க. மாத்த மாட்டாங்க. எடுக்கச் சொல்லி எழுதட்டுமா?"

யாக்கோபு சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை போனைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"வேணாம் மேடம்" என்றார் கடைசியில். "அவன் கை அதுல கீது. இருந்துட்டுப் போவட்டும்."