நாக்கைத் தூக்கிக் காட்டியவர்

தூசி தட்டப் போன பராமரிப்பாளர், அலமாரி உச்சியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து திகைத்தார். உள்ளே நாலைந்து ஆரஞ்சு நிற மாத்திரைகள். விழுங்கியதாக நினைத்திருந்த இரவு மாத்திரைகள்.

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரின் அறை அது. பெரிய காப்பகத்தில் வளர்ந்து, இப்போதுதான் இந்தச் சின்ன வீட்டுக்குக் குடிவந்தவர். வேலை சலவைக்கூடத்தில். அவர் விரிப்பு மடிக்கும் வேகத்தைப் பார்த்து இந்த வாரம்தான் 'மடிப்பு ராஜா' என்று பெயர் வைத்தார்கள். மருந்து சாப்பிடாமல் ஏய்ப்பவருக்கு இங்கே இடமில்லை, மறுபடி காப்பகம்தான் என்றார் வீட்டு மேலாளர். விசாரிக்க நர்ஸ் வந்தார்.

மாலை ஆறு மணி.

"மாத்திரை கொடுக்கிறது யாரு?"

கப்பில் எடுத்துவைப்பது தன் வேலை என்றார் பராமரிப்பாளர். தினமும் வரும் அவருடைய அக்கா அதை வாங்கித் தம்பிக்குக் கொடுப்பார். "நான் வாசல்ல நின்னு பார்ப்பேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாரு. சுத்தமா இருக்கும்."

"அதுக்கு முன்னாடியே துப்பியிருப்பான். ஆளு கில்லாடி," என்றார் மேலாளர்.

டப்பாவிலிருந்த ஒரு மாத்திரையை நர்ஸ் ஈர விரலால் தேய்த்தார். விரல் ஆரஞ்சானது. மற்றவை சாயம் குலையாமல் பளபளத்தன. எச்சில் பட்டிருந்தால் வெளுத்திருக்கும். ஆக, இவை யார் வாய்க்குள்ளும் போகவில்லை.

அடுத்து, கப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி ராஜாவிடம் நீட்டினார். ராஜா குடித்தார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார்.

"காப்பகத்துப் பழக்கம். எது குடிச்சாலும் காட்டுவாரு. காலி வாயைப் பார்த்து மாத்திரை உள்ள போச்சுன்னு நாமதான் நம்பிட்டோம்." நர்ஸ், பக்கத்தில் நின்ற அக்காவிடம் திரும்பினார். "கப்பு உங்க கையில வந்தப்பவே எடுத்துட்டீங்க, இல்லையாம்மா?"

அக்கா மறைக்கவில்லை. மாத்திரை போட்ட மறுநாளெல்லாம் தம்பி சூடான இஸ்திரி உருளை முன்னால் தூங்கி வழிந்தானாம். மருந்தைக் குப்பையில் போடவும் மனசு வராமல் டப்பாவில் போட்டுவைத்தாராம். "இப்ப மடிப்புல அவனை அடிச்சுக்க ஆளில்ல, நர்ஸம்மா." பிடிபட்ட முகத்தில் பெருமை வழிந்தது.

திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், கைகால் நடுங்கும், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று நர்ஸ் கண்டித்தார். பிறகு மேலாளரிடம், என்ன நோய்க்கு இந்த மாத்திரை என்று கேட்டார். நோய் எதுவுமில்லை, காப்பகத்தில் கத்துவாராம்.

"அந்தக் கூட்டத்துல நானும் கத்தியிருப்பேன்," என்றார் நர்ஸ்.

மறுநாள் டாக்டர் வந்தார். ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று கேட்டார். பதில் சொல்ல அக்கா வாயெடுத்தார்.

ராஜா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அக்கா, என்னைத்தானே கேக்குறாங்க."