உறை போடாத கை

காலை எட்டு மணிக்கு யசிந்தா மேலங்கியை மாட்டிக்கொண்டு, கையுறையை இழுத்துவிட்டபடி, ஆஸ்பத்திரி வாட்டின் கடைசியிலிருந்த தனியறைக்குள் போனாள். கிருமிநாசினி நெடி. அதற்கும் கீழே ஏதோ புளித்த வாடை.

கொழும்புத்துறைக் கடலில் அவள் கணவன் கிறிஸ்ரோபருக்குக் காலில் திருக்கை முள் ஏறி முப்பத்தொரு நாள். புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அதில் வேறொரு கிருமி தொற்றியது. நாலு மருந்து மாற்றியும் கேட்கவில்லை. முதல் வாரம் முழுக்க அழுதாள். இப்போது அழுகையும் இல்லை, பசியும் இல்லை.

"நேத்து மத்தியானம் கன நேரம் என்ரை இடது கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாய், என்ன?" என்றான் அவன்.

"நான் வெளியில அந்த மர வாங்கிலையெல்லோ இருந்தனான்."

"உறை போடாத கை. நல்ல குளிர்."

காய்ச்சல் பேச்சு என்று நினைத்தாள். ஆனால் சேலைன் மாற்றிக்கொண்டிருந்த தாதி நிவேதனாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்ததும் தாதி கிசுகிசுத்தாள்.

"அக்கா, எந்தக் கையாம்?"

"இடது கை. ஏன் மிஸி?"

"மூண்டு மாசத்துக்கு முந்தி இந்தக் கட்டில்லை சிவசுப்பிரமணியம் எண்டொரு ஐயா, இதே கிருமியாலை கண்ணை மூடினவர். பாக்க ஒருத்தரும் வரேல்லை. 'உறையைக் கழட்டிப்போட்டு ஒருக்கா என்ரை கையைப் பிடி பிள்ளை' எண்டு இடது கையை நீட்டிக் கெஞ்சினவர். நான் பிடிக்கேல்லை அக்கா."

அன்று மத்தியானம் யசிந்தா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். கிறிஸ்ரோபரின் இடது கை மெல்ல எழும்பி அந்தரத்தில் நின்றது.

விரல்கள் எதையோ சுற்றி மடங்கின.

நுனிகள் வெளுத்தன, யாரோ இறுக்குவதுபோல.

அவன் சிரித்தான்.

அவள் உள்ளே ஓடி, உறையை உரித்தெறிந்துவிட்டு அவனுடைய வலது கையைப் பற்றினாள்.

"விடுங்கோ ஐயா," என்றாள் ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து. "இவர் என்ரை ஆள்."

அந்தப் பக்கம் விடவில்லை.

மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். சேமக்காலையில் மண் போடும்போதும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

அடுத்த கிழமை கடிதம் ஒன்று வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவளின் கால்கள் அந்த அறைக்கே போயின. கொடிகாமத்து மரக்கறிக்காரி ஒருத்தி நினைவில்லாமல் கிடந்தாள். அவளுடைய இடது கை அந்தரத்தில் நின்றது.

வலது கையும்.

"இஞ்சாருங்கோ," என்றாள் யசிந்தா, கிறிஸ்ரோபரைக் கூப்பிடும் அதே குரலில், கண்ணாடியோடு வாய் வைத்து.

வலது கை பொத்தென்று படுக்கையில் விழுந்தது.

உள்ளிருந்து கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது.