யாரும் பார்க்காத அறிவிப்பு

ஆர்கிரிஸ் உட்காரவில்லை. ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றான். கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கொழுந்தன் மாக்கிஸ்தான்," என்றார் துப்பறிவாளர் பொலிக்ஸேனி. "டாக்ஸியை நிறுத்த இடம் தேடுறான். ஹாரன் அடிச்சா இடம் முளைக்கும்னு நெனப்பு. நீங்க சொல்லுங்க."

"நாளைக்கு நகராட்சிக் குழு கூடுது மேடம். எங்க வீட்டை ஒட்டின காலி மனையில கால்ட்ஸாஸ்னு ஒருத்தர் ஹோட்டல் கட்டப்போறார். கீழ்த்தளத்துல மது பார். விடியற வரைக்கும் பாட்டு வைக்க லைசென்ஸ் கேட்டிருக்கார். என் படுக்கையறைச் சுவர்தான் அந்தப் பக்கத்து எல்லை."

"ஆட்சேபம் குடுத்தீங்களா?"

"குடுக்கப் போனோம். கெடு முடிஞ்சுபோச்சுன்னாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி ரெண்டு வாரம் எங்க வாசக்கதவுலயே அறிவிப்பு ஒட்டியிருந்துதாம். சாட்சிக்குப் படம் வேற. மேடம், அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுறவன் நான். அங்க ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு என்ன வேலை?"

"பஸ் ஓட்டுறேன். விடியக்காலை முதல் வண்டி. போன கோடையில என் மனைவி இறந்துட்டா. அப்புறம் மாசக்கணக்கா தூக்கம் இல்ல. ஒரு தடவை வண்டியைத் தூணுல மோதப் பார்த்தேன். இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கேன். அது மறுபடியும் போச்சுன்னா வேலையும் போயிடும்."

மாக்கிஸ் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தான். வந்ததும் வராததுமாய் ஃபைலிலிருந்த படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நீலக் கதவு. நடுவில் வெள்ளைத் தாள். வெள்ளை வாசல் சட்டம், அதன் மேல்பக்கத்தில் புகைபோல் ஒரு கறை. பக்கத்துத் தொட்டியில் நாரத்தைச் செடி. மூலையில் தேதி: நோன்பு காலத்துத் திங்கட்கிழமை ஒன்று.

"அண்ணி, நிழலைப் பாருங்க! நிழலை வெச்சே மடக்கிடலாம்."

"காலை நிழல். எல்லாக் காலையிலயும் அப்படித்தான் விழும்."

"அப்ப செடி. இலை, மொட்டு..."

"நாரத்தை வருஷம் பூராவும் பச்சைடா. கிளம்பு, வாசலைப் பார்ப்போம்."

ஆர்கிரிஸின் வீடு இருந்த மேல்நகரத்துச் சந்தில் ஏறுவதற்குள் மாக்கிஸ் இரண்டு பூனைகளுக்கும் ஒரு பாதிரியாருக்கும் ஹாரன் அடித்துவிட்டான். வீட்டு வாசலில் மாடிக்காரி ஸ்மாரோ தட்டோடு நின்றாள். தட்டில் பண்டிகை ரொட்டியும் மிஞ்சிய சிவப்பு முட்டைகளும் இருந்தன.

"இந்தக் கதவுலயா ஒட்டினாங்க?" என்றாள் ஸ்மாரோ. "ஒட்டியிருந்தா என் கண்ணுக்குத் தப்புமா? எதிர்வீட்டுக்காரி பாவாடை மாத்தினாலே எனக்குத் தெரியும்."

"வாசல் சட்டம் புதுசா இருக்கே. எப்ப வண்ணம் அடிச்சீங்க?" என்று கேட்டார் பொலிக்ஸேனி.

"நோன்பு ஆரம்பத்துல. எங்க வீட்டுக்காரர் அடிச்சார். இந்த ஆர்கிரிஸ் எட்டிக்கூடப் பார்க்கல. ஈஸ்டர் ராத்திரி கோயிலுக்கும் வரல. நான்தான் கோயில் மெழுகுவத்தியை அணையாம பொத்திக் கொண்டுவந்து, வருஷா வருஷம் போடுற மாதிரி அந்தப் புகையால வாசல்ல சிலுவை போட்டேன். அதுவும் உருப்படியா வரல. மேலேருந்து கீழே இழுத்தேன், இடது கையை இழுத்தேன், பாழாப்போன காத்து வந்து அணைச்சிடுச்சு. திரும்பப் பத்த வைக்கக் கோயில் நெருப்பு ஏது? கையில்லாத சிலுவையா நிக்குது."

"அதையாவது போட்டீங்களே, அந்த மட்டுக்கும் சந்தோஷம்," என்றான் ஆர்கிரிஸ்.

மாக்கிஸ் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, பண்டிகை விளையாட்டாக ஆர்கிரிஸ் கையிலிருந்த முட்டையை முட்டி உடைத்தான். "ஜெயிச்சேன்! இந்த வருஷம் அதிர்ஷ்டம் எனக்குத்தான்." பொலிக்ஸேனி மட்டும் தலையை நிமிர்த்தி வாசலின் மேல்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"ஈஸ்டர் திங்கட்கிழமை எங்க இருந்தீங்க?"

"எல்லாரும் கிராமத்துக்குப் போயிட்டோம்," என்றாள் ஸ்மாரோ. "இவனையும் இழுத்துக்கிட்டுத்தான். சந்துல பூனைங்கதான் காவல்."

கிளம்பும்போது பொலிக்ஸேனி ஆர்கிரிஸின் பக்கம் திரும்பினார். "போன ஈஸ்டருக்கு இந்த வாசல்ல எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

அவன் பையிலிருந்த ஃபோனைத் தொட்டுப் பார்த்தான். "ஃபோன்ல இருக்கு. நான் அதைத் திறக்கிறதில்ல."

"திறக்கச் சொல்லல. நாளைக்கு ஃபோனைக் கையில வெச்சிருங்க, போதும்."

மறுநாள் குழு அறையில் கால்ட்ஸாஸ் நல்ல சட்டையும் நல்ல சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கெடு முடிஞ்ச விஷயம். அறிவிப்பு ஒட்டலைன்னு நிரூபிக்க முடியுமா?" என்றாள்.

"ஒட்டினார். ஆனா ஈஸ்டருக்கு அப்புறம்," என்றார் பொலிக்ஸேனி. "படத்தோட மேல் ஓரத்தைப் பெரிசாக்கிப் பாருங்க."

எழுத்தர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். புகைக்கறை ஒரு சிலுவையாகத் தெரிந்தது.

கால்ட்ஸாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, இந்த ஊர்ல சிலுவை இல்லாத வாசல் எது? போன வருஷத்து ஈஸ்டர்ல போட்டதா இருக்கும்."

"இருக்கலாம். அதனாலதான் உங்க கண்ணுலயே அது படல. உங்க வீட்டு வாசல்லயும் ஒண்ணு இருக்குமே. தினமும் பார்க்கிறதை யார் பார்க்கிறாங்க? ஆனா இந்தச் சிலுவைக்கு வலது கை இல்ல. இதோ, நேத்து நான் எடுத்த வாசல் படம். இதுலயும் வலது கை இல்ல."

"போன வருஷமும் காத்து அடிச்சிருக்கும்!"

குழுத் தலைவியே நிமிர்ந்து பார்த்தாள்.

"காத்துன்னு நான் சொல்லலையே," என்றார் பொலிக்ஸேனி மெதுவாக. "சரி, போகட்டும். சிலுவை போடுறவங்க எல்லாருக்கும் நடக்கிறதுதான். போன வருஷத்துச் சிலுவை எப்படி இருந்ததுன்னு பார்த்திருவோமே."

அவர் ஆர்கிரிஸைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஆர்கிரிஸ் ஃபோனை எடுத்தான். விரல் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அழுத்தினான்.

படத்தில் அவன் மனைவி மெல்ப்போ நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள், கையில் எரியும் மெழுகுவத்தியோடு. மூக்கு நுனியில் கரி. தலைக்கு மேலே ஒரு பெரிய சிலுவை, இரண்டு கைகளும் சட்டத்தின் விளிம்புவரை நீண்டிருந்தன. விழுந்துவிடப் போகிறாள் என்று அவன் கத்தியதும், அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததும் அந்தப் படத்தில் அப்படியே இருந்தன.

அவன் ஃபோனை மேசைமேல் வைத்துத் தலைவியின் பக்கம் தள்ளினான்.

"அந்தச் சிலுவை நோன்பு ஆரம்பத்துல வண்ணத்துக்கு அடியில போயிடுச்சு," என்றார் பொலிக்ஸேனி. "கையில்லாத சிலுவை ஈஸ்டர் ராத்திரிதான் வந்தது. அப்படின்னா இவரோட அறிவிப்புப் படம் அதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கவே முடியாது. ஈஸ்டர் திங்கட்கிழமை சந்தே காலி. தாளை ஒட்டி, கேமராத் தேதியைப் பழைய தேதியா மாத்தி, படம் எடுத்துட்டுத் தாளைக் கிழிச்சுக்கிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

கால்ட்ஸாஸ் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

தலைவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் மெல்ப்போவின் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "லைசென்ஸ், கட்டட அனுமதி, ரெண்டும் நிறுத்தி வைக்கிறோம். போலிப் படம் பத்தித் தனியா விசாரணை நடக்கும். இனிமே அறிவிப்பு ஒட்டறதா இருந்தா நம்ம ஆளே ஒட்டட்டும். ஆட்சேபங்களை முதல்லேர்ந்து வாங்கிக்கறோம்." ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அழகான சிலுவை," என்றாள்.

டாக்ஸியில் திரும்பிப் போகும்போது மாக்கிஸால் அடக்க முடியவில்லை. "அண்ணி, நானும் அந்தச் சிலுவையைத்தானே பார்த்தேன்! முதல் நாளே பார்த்தேனே!"

"பார்த்தே. ஆனா நிழலைத்தானே தேடிக்கிட்டிருந்தே?"

"அதானே. இன்னிக்குச் சாப்பாடு என் செலவு. ஆர்கிரிஸ் தம்பி, ஆட்டுக்கறியா, மீனா?"

பின் சீட்டிலிருந்து பதில் இல்லை. பொலிக்ஸேனி திரும்பிப் பார்த்தார். ஆர்கிரிஸின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஃபோன் மடியில் கிடந்தது, அவன் கை அதன்மேல். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தூங்கிட்டான்," என்றார். "எழுப்பாதே."

மதிய நேர நெரிசல். முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றது, ஸ்கூட்டர்கள் புகுந்து புகுந்து வந்தன. மாக்கிஸ் பல்லைக் கடித்தான். மேல்நகரம் வந்து சேரும்வரை ஹாரன்மேல் கை வைக்கவே இல்லை.