தேக்குக் கதவில் நகக்குறி

அலறல் ஏழாவது மாடியிலிருந்து வந்தது...

கீழே சாவி வாங்கக் காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கட்டடத்தைக் கட்டிய கம்பெனியின் விற்பனை அதிகாரி லிஃப்டுக்கு ஓடினார்.

புத்தம் புதுக் கட்டடம். இன்றைக்குத்தான் வீடுகளை ஒப்படைக்கிறார்கள். இந்த நேரத்தில் அலறலா?

ஏழாவது மாடி வீட்டின் பாத்ரூமுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் தரையில். இரண்டு உள்ளங்கையும் கதவில். கண்ணில் தண்ணீர் இல்லை. அலறியதோடு எல்லாம் வற்றிப்போனது போல இருந்தாள்.

அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. பல் டாக்டரின் மனைவி. அவருடைய கிளினிக்கில் போனை எடுப்பது, ஆளை உட்கார வைப்பது, அவர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் கூடமாட நிற்பது... எல்லாம் அவள்தான்.

இந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில் முன்பு அவளுடைய வீடு இருந்தது. அப்பா, அம்மா இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு. அதைக் கம்பெனிக்குக் கொடுத்து, பதிலுக்கு இந்த மாடி வீட்டை வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. இடித்ததில் ஒரு கைப்பிடியைக்கூட வெளியே கொட்டவில்லை. கான்கிரீட்டை அரைத்துப் புதுக் கல் செய்தார்கள். கம்பியை உருக்கினார்கள். நல்ல மரமெல்லாம் மீட்புக் கிடங்குக்குப் போய், லேசர் மெஷினில் பழைய பெயின்ட்டை உரித்துக்கொண்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் சின்னக் கறுப்புக் கட்டம். போனைக் காட்டினால் அந்தக் கதவு பழைய வீட்டில் எந்த அறையில் இருந்தது என்று சொல்லிவிடும்.

காலையில் அக்காவுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கதவாகப் போனைக் காட்டினாள். இது அப்பாவின் அறைக் கதவு, இது நாங்கள் படித்த அறை என்று கணவரிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பால்கனியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கதவு.

'கீழ்த்தளம். குளியலறை' என்றது போன்.

அக்காவின் கை நின்றது.

அந்தக் குளியலறையில்தான் குட்டி செத்துப்போனாள்.

குட்டி, அவள் தங்கை. மூன்று வருஷம் ஆகிறது. மழை நாள். வெந்நீர் போடும் கேஸ் ஹீட்டர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. கேஸ் சரியாக எரியாமல் விஷக்காற்று நிறைந்துவிட்டது என்றார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

தூக்கம் வருவது போல இருந்திருக்கும், கதவு வரை வரக்கூடத் தோன்றியிருக்காது, அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை நாள் சோறு தின்றாள்.

இன்றைக்கு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

பெயின்ட் உரிந்த தேக்கு. தேன் நிறம். கீழ்ப்பக்கம், கைப்பிடியிலிருந்து தரை வரைக்கும்... கோடுகள்.

நாலு நாலாக. ஆழமாக. ஒன்றன்மேல் ஒன்றாக.

நகம்!

குட்டி கதவு வரை வந்திருக்கிறாள்.

* * *

விற்பனை அதிகாரி, அது மரத்தின் வயசு மேடம், அப்படியே விட்டால்தான் அழகு என்று கிடங்கில் சொன்னார்கள் என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் தன் மனைவியைத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார். மழைக்கு மரம் உப்பியிருக்கும், கதவு இறுகியிருக்கும், பாவம் இழுத்துப் பார்த்திருப்பாள், இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குப் போகலாம் வா என்றார்.

"நான் வரலைங்க" என்றாள் அக்கா.

போலீசுக்கு அவளே போன் செய்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பை முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருப்பவர். கதவைப் பார்த்ததும் அன்றைய ஜோக்கை உள்ளேயே விழுங்கிவிட்டார். மீட்புக் கிடங்கின் பொறியாளரையும் வரச் சொன்னார். கண்ணாடி போட்ட இளம்பெண். கையில் ஒரு கருவிப் பெட்டி.

குட்டி செத்த அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். அக்கா காலையிலேயே கிளினிக்கைத் திறக்கப் போய்விட்டாள், டாக்டர் பின்னால் வந்து சேர்ந்தார். குட்டியின் கணவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். ராத்திரி சவாரி முடித்து வந்து படுத்தவர். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன டாக்டர்தான் முதலில் பார்த்தது.

"கதவு எப்படி இருந்துச்சு டாக்டர்?"

"சும்மா சாத்தியிருந்துச்சு. தள்ளினேன், திறந்துச்சு. குழாய்ப் பக்கம் விழுந்து கெடந்தா."

"மழையில இறுகிப்போச்சுன்னீங்களாமே. அந்தக் கதவு தள்ளினதும் திறந்துச்சா?"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது குடும்ப மானத்துக்காக என்றார். சகலை மேல் அவருக்கு அப்போதே சந்தேகம். மனைவி செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுத் தூரமாகப் போய்விட்டான். வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்திருந்தால் யார் கண்டது?

அக்கா மறுக்கவில்லை. அவளுக்கும் அதே எண்ணம்தான். கூப்பிடு தூரத்தில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியைச் சாகவிட்டவன் என்று அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிக்கவில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட, டாக்ஸிக்காரர் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்.

ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை, வேறு யாருடையதையோ மாட்டியது போலத் தொங்கியது. அக்காவைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா அண்ணி?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கதவைக் காட்டினார்.

டாக்ஸிக்காரர் பார்த்தார். புரியவில்லை. குனிந்தார். விரலை எடுத்து ஒரு கோட்டின்மேல் வைத்தார். அடுத்த கோட்டில் அடுத்த விரல். அவருடைய விரல்கள் அந்தக் கோடுகளுக்குப் பெரியவையாக இருந்தன.

அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நடிக்கிறான்" என்றார் டாக்டர்.

டாக்ஸிக்காரர் யாரையும் பார்க்காமல், அந்தக் கதவிடமே பேசினார்.

"மழை சத்தம். ஃபேன் வேற ஓடுச்சு. நான் தூங்கிட்டேன் அண்ணி. அவ கூப்பிட்டிருப்பா... நான் தூங்கிட்டேன்."

அக்கா அதைக் கேட்டாள். ஆனாலும் அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். ஒருத்தி இத்தனை நேரம் போராடியிருக்கிறாள் என்றால் கதவை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. கையால் அவ்வளவு நேரம் பிடிக்க முடியாது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்ததா? இல்லை என்றாள் அக்கா. அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாது.

பொறியாளர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெயின்ட் உரித்தபோது உள்பக்கக் கோடுகளை எல்லாம், மரத்தில் பள்ளம் அடைக்கிற பட்டியைப் பூசி மறைத்திருந்தார்கள். சாதாரணக் கடைப் பட்டி. லேசரில் பெயின்ட்டோடு சேர்ந்து போய்விட்டது. வெளிப்பக்கத்தை அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பழைய மரத்தில் கண்ணுக்குத் தெரியாத பசையோ ஒட்டோ இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்பதால், கிடங்கில் ஒரு ஊதா விளக்கு வைத்திருக்கிறார்கள். அதை அடித்துப் பார்க்கலாமா?

"அடிம்மா. கதவு ஒண்ணும் லஞ்சம் கேக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். அறை மங்கியது. அவள் விளக்கைக் கதவின் வெளிப்பக்கம் கீல் ஓரத்திலிருந்து கைப்பிடி ஓரமாக நகர்த்தினாள்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றும்...

மேல் மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்றது! நிலா வெள்ளையில், லேசாக நீலம் கலந்து.

கீழ் மூலையில் இன்னொன்று.

திருகாணி போன ஓட்டைகள். கதவையும் நிலையையும் சேர்த்து வெளியிலிருந்து முடுக்கியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அதன்மேல் பெயின்ட்.

"இது பட்டி இல்ல சார்" என்றாள் பொறியாளர். கத்தி முனையால் சுரண்டினாள். துளிகூட உதிரவில்லை. "கல்லு மாதிரி இருக்கு. மரத்துக்குப் போடுற எதுவும் இப்படி மின்னாது. என்னன்னு எனக்குத் தெரியல. லேபுக்குத்தான் அனுப்பணும்."

டாக்ஸிக்காரனைக் கேளுங்கள், வண்டிப் பட்டறையில் எத்தனையோ பசை இருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெளிச்சம் அவளுக்குப் புதிதில்லை. தினம் பார்க்கிற வெளிச்சம். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று, இதே மாதிரி ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு...

குட்டியை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் என்று தங்கிவிட்டவர் யார்?

அந்தக் கதவைப் பார்த்தால் நீ அழுகிறாய் என்று சொல்லி, அடுத்த வாரமே தன் கையால் பெயின்ட் அடித்தவர் யார்? ஆள் வைக்காமல், சட்டையெல்லாம் பெயின்ட்டாக, உட்கார்ந்து உட்கார்ந்து அடித்தாரே... இப்படி ஒரு மனுஷன் கிடைக்க என்ன கொடுத்து வைத்தேனோ என்று அவள் அன்றைக்கு அழுதாளே!

வீட்டை இடிக்கக் கூடாது, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று குட்டி பிடிவாதமாக நின்றபோது, கம்பெனிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தவர் யார்?

அக்கா மெதுவாக முன்னால் வந்தாள்.

"சார், அந்த லைட்டை என் வாயில அடிங்க."

இன்ஸ்பெக்டர் விழித்தார். "என்னம்மா?"

"அடிங்க சார்."

வாயைத் திறந்தாள். பொறியாளர் விளக்கை உயர்த்தினாள்.

கடைவாய்ப் பல்லில் ஒரு புள்ளி பளிச்சென்றது. நிலா வெள்ளையில், லேசாக நீலம் கலந்து.

கதவில் இருந்த அதே வெளிச்சம்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"இந்தப் பல்லை அடைச்சது என் வீட்டுக்காரர் சார்."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். அது பாதி உதட்டோடு நின்றுவிட்டது. கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. வாசலை இன்ஸ்பெக்டரின் தொப்பை அடைத்துக்கொண்டிருந்தது.

* * *

லேபுக்கு அனுப்பி, முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் வாயைத் திறந்துவிட்டார்.

காற்றுப்போகும் ஜன்னலை வெளியிலிருந்து பிளாஸ்டிக் தாளால் மூடியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் திருகாணியை முடுக்கியது. மத்தியானம் வந்து இரண்டையும் கழற்றி, குட்டியைக் குழாய்ப் பக்கம் நகர்த்தி, கோடுகள் தெரியாதபடி கதவைச் சுவரோடு ஒட்டித் திறந்து வைத்தது. ஓட்டை வெளியே தெரிந்தது. கடைக்குப் போக நேரமில்லை. கைப்பையில் இருந்த பல் அடைக்கும் பசையை வைத்து அடைத்தது. அடக்கத்தன்று ஆளில்லாத வீட்டில் உள்பக்கக் கோடுகளுக்குப் பட்டி பூசியது. கதவை இடிபாட்டோடு அரைவை மெஷினில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நம்பியிருந்தார். கரையான் அரித்த கதவு, வேண்டாம் என்று கம்பெனியிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்களோ பழைய மரம் எல்லாம் திரும்ப வந்தால்தான் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்கள்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏழாவது மாடியிலிருந்து அக்கா பார்க்கவில்லை. டாக்ஸிக்காரருக்குப் பக்கத்தில், அந்தக் கதவுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கூரையைத் தாங்கும் கல்லெல்லாம் அவள் வீட்டுக் கல். சுவருக்குள் இருப்பது அவள் வீட்டுக் கம்பி. ஆனால் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் மிச்சமில்லை.

"தம்பி" என்றாள்.

"விடுங்க அண்ணி."

"உன்னை எவ்வளவு பேசிட்டேன்..."

"நீங்க பேசலையே. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்து அழுகை. டாக்ஸிக்காரர் தடுக்கவில்லை. அவரும் அழுதார்.

அவளுடைய போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பழக்க தோஷம், கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

கிளினிக் வாசலில் யாரோ ஒருவர் காத்திருக்கிறாராம். கதவு பூட்டியிருக்கிறதாம். கடைவாய்ப் பல் சொத்தை, வலி உயிர் போகிறது, அடைக்க வேண்டும், டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வேற டாக்டரைப் பாருங்கய்யா. எங்க டாக்டருக்குச் சொத்தை அடைக்க மட்டும்தான் தெரிஞ்சுது... சொத்தை அடையத் தெரியல."