இரட்டைக்குழல், இருக்கிறபடியே

அப்பாவின் நினைவுக்கு மகன் வைத்த விலை நாலு லட்சம். மகள் குறுக்கே புகுந்து, ஒன்று போதும் என்றாள்.

தராசுக்கு அங்கேயே காது நிமிர்ந்தது. பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்புப் போடுவது அவர் தொழில். கொஞ்சம் குறைத்துப் போட்டு, தானே வாங்கி, சேகரிப்பவர்களிடம் தள்ளிவிடுவது பிழைப்பு. சந்தையில் கிண்டலுக்கு வைத்த 'தராசு' என்ற பட்டப்பெயரை விசிட்டிங் கார்டிலேயே போட்டுக்கொண்ட ஆள். விலை பேசும்போது அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார், குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். தன் சரக்குக்குத் தானே விலையை இறக்குகிறவர்களை மட்டும் பார்த்ததில்லை.

மேசைமேல் கிடந்தது இரட்டைக்குழல் துப்பாக்கி. செத்துப்போன பெரியவருக்கு அவர் தாத்தா வழியாக வந்தது. உரிமக் காகிதங்கள் சுத்தம். இரும்பில் வெட்டிய இலைக்கொடி நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தது. பத்துக்குக் குறையாமல் போகும், ஆளும் தயார். பத்து வந்தால் அடமானத்தில் கிடக்கும் கடை கைக்குத் திரும்பிவிடும். இத்தனையும் மனசுக்குள் ஓட, முகத்தை மட்டும் எதையோ கடித்துவிட்டவர்போல வைத்துக்கொண்டு, "மரத்துல விரிசல் மாதிரி தெரியுதே" என்று இழுத்தார்.

"விரிசலோ கிரிசலோ, இருக்கிறபடியே எடுத்துக்கணும்ணே. திருப்பிக் கொண்டுவரக் கூடாது," என்றாள் அக்காக்காரி.

தம்பி முணுமுணுத்தான். பூனைக்கண் அண்ணன் ரெண்டுக்கு ஒத்துக்கொண்டு அட்வான்ஸும் கொடுத்தாரே என்றான். அக்கா அவன் விலாவில் ஒரு இடி வைத்தாள்.

பூனைக்கண் தராசின் பரம போட்டியாளன். வெளிறிய பச்சைக் கண்ணன். கொஞ்ச நாளாகச் சந்தையில் ஆளைக் காணோம். கடன்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று பேச்சு. அட்வான்ஸ் கொடுத்தவன் ஏன் எடுத்துப்போகவில்லை என்று தராசு கேட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். பொய். ஆனால் என்ன பொய்? சரக்கில் கோளாறா, இல்லை அந்தப் பயல் பாக்கிப் பணத்தோடு இப்போதே வாசலில் வந்து நிற்கப்போகிறானா?

இரண்டாவது சந்தேகம்தான் அவரைக் கவிழ்த்தது. பார்க்காமல் பணம் நீட்டாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், குழலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து ஒரு லட்ச ரூபாய்க் கட்டை எடுத்து நீட்டினார். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. அதுவும் அவருக்கு உறுத்தியது.

"இப்ப இது உங்களுதுதானேண்ணே?"

"என்னுதுதான்."

"உள்ளது எல்லாத்தோடயும்?"

"ஆமாம்மா. எத்தனை தரம் சொல்றது?"

ரொம்ப நாளாக அடக்கிவைத்த மூச்சை அவள் விட்டாள்.

சரக்கைச் சோதிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது தராசின் வழக்கம். முகம் விலையைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று மறைக்க விலை இல்லாவிட்டாலும் பழக்கதோஷம், இருவரையும் வெளியே போகச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் போய்விட்டார்கள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பயம்போல, என்று சிரித்துக்கொண்டார்.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். கம்பி போட்ட ஒற்றை ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் அறை முழுக்கப் பழைய எண்ணெயும் துருவும் ஈரத்துணியும் கலந்த வாடை நின்றது, அதற்கடியில் லேசாக, யாரோ வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கும் அறையில் வருமே, அந்த வாடையும். துப்பாக்கியை மடக்கித் தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டு, மரப்பகுதியைக் கழற்றி வைத்தார். கன்னம் பதியும் இடம் கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ முகத்தை எடுத்ததுபோல.

வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தார். வெயில் ஏது?

குழல்களை மட்டும் விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். நல்ல சரக்கு மணிபோல நீளமாகப் பாடும். இது நிறைகுடத்தைத் தட்டினதுபோல மொத்தென்று ஒலித்து அடங்கியது. உள்ளே என்னவோ அடைத்திருக்கிறது, விலை ஒரு லட்சத்துக்கு இறங்கிய ரகசியம் இதுதானா என்று சூடேறி, சுத்தம் செய்யும் கம்பியை இரண்டிலும் விட்டார். தடங்கலே இல்லாமல் மறுமுனைக்குப் போய் வெளியே நீட்டியது.

குழல்களை ஜன்னல் பக்கம் நீட்டி, வலது குழலில் கண் வைத்தார். அந்தக் கோடியில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

இருட்டு.

குழலை இறக்கினார். எதிரே ஜன்னல். கம்பிகள். யாருமில்லை. மறுபடி வைத்தார். இருட்டுக்குள் ஈரமாக எதுவோ மின்னியது. இமை மூடித் திறந்தது.

கண்.

கிழட்டுக் கண். சுவரில் மாட்டியிருந்த பெரியவரின் படத்தில் இருந்த அதே தொங்கிய இமை.

கதவுக்கு ஓடினார். தட்டினார். "அம்மா, கதவைத் திற. துப்பாக்கி வேண்டாம். பணமும் நீயே வச்சுக்க."

"திருப்பக் கூடாதுன்னு சொன்னேனேண்ணே." அழுகிற குரல். "அவருக்கும் இதேதான் சொன்னேன்."

எவருக்கு?

குழல்கள் இன்னும் கையில்தான் இருந்தன. மேசையில் வைத்துவிட்டு ஓடியதாகத்தான் நினைத்திருந்தார். விரல்களை விரித்தார். விரியவில்லை. கை உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. தலையைத் திருப்பினார், கூடவே திரும்பியது. இடது குழலின் விளிம்பு, கண்ணைச் சுற்றிச் சில்லென்று பொருந்தியது.

அங்கேயும் ஒரு கண். வெளிறிய பச்சை. வியாபாரத்தில் எத்தனையோ முறை முறைத்துப் பார்த்த கண். இன்று அது கெஞ்சியது.

குழலுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. அத்தனை நெருக்கத்தில் எந்த முகத்திலும் இரண்டு கண் இருக்காது. ஆளுக்கு ஒன்று.

வலதில் ஒருவர். இடதில் ஒருவர். குழல் இரண்டு, ஆள் இரண்டு, கணக்கு நேர்.

பச்சைக் கண் மெல்ல நகர்ந்து வழிவிட்டது. அதன் பின்னால் வெளிச்சம் இல்லை. இடம் இருந்தது. ஓர் ஆளுக்கு.